காய்ச்சல் இறங்கிய பிறகும் கவனம்

வடகிழக்குப் பருவமழையோடு டெங்குவும் ஃப்ளூவும் சேர்ந்தே வரும். பெரும்பாலோர் ஒரு வாரத்தில் தேறிவிடுவார்கள். ஆனால் சர்க்கரை, ரத்த அழுத்தம் எதுவும் இல்லாதவருக்கும் அரிதாக ரத்தக்குழாயில் சிக்கல் வரலாம். சில சமயம் அது காய்ச்சல் விட்டு, வீட்டார் நிம்மதியடைந்த பிறகு வரும்.

வைரஸ் தொற்றின்போது ரத்தக்குழாயின் உட்சுவர் அழற்சியடைகிறது, ரத்தம் உறையும் தன்மையும் கூடுகிறது. கோவிட் காலத்தில் இதைக் கண்கூடாகப் பார்த்தோம். ஃப்ளூ உறுதியான முதல் 7 நாட்களில் மாரடைப்பு வாய்ப்பு சுமார் 6 மடங்காகிறது என்றது, கனடாவின் ஒன்டாரியோவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வு. அதில் பெரும்பாலோர் முதியவர்கள். இளையவர்கள் பீதியடைய வேண்டாம், அறிகுறிகளைத் தெரிந்துகொண்டால் போதும்.

ஒரு கால் மட்டும் வீங்கி, கெண்டைக்காலில் வலியும் சூடும் இருந்தால் தைலம் தேய்த்து நீவாதீர்கள். உள்ளே ரத்தக்கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி வந்தால் 'வாயுப் பிடிப்பு' என்று சோடா குடித்துக் காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வாய் கோணுவது, கை தளர்வது, பேச்சு குழறுவது பக்கவாத அறிகுறிகள். கட்டியைக் கரைக்கும் ஊசிக்குப் பொதுவாக நாலரை மணி நேரமே அவகாசம் என்பதால், தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடாத புதுத் தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல் இருந்தாலும் தாமதிக்காதீர்கள். கடும் இருமலுக்குப் பின் கழுத்து வலித்தால் சலூனில் சொடுக்கு எடுக்கவே கூடாது. கழுத்துத் தமனியின் சுவர் கிழிந்திருக்கலாம்.

ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின் போடலாமே என்று தோன்றும். நீங்களாகப் போடாதீர்கள். டெங்குவில் நிலைமை வேறு: தட்டணுக்கள் குறையும், ரத்தக்குழாயிலிருந்து நீர் கசியும். ஆஸ்பிரினும், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ரத்தக்கசிவைக் கூட்டும். மருந்துக்கடைக்காரர் கொடுத்தாலும் வேண்டாம்; காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் மட்டும், சொன்ன அளவில். டெங்குவின் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் 3 முதல் 7 நாட்களுக்குள், காய்ச்சல் இறங்கும்போதே தொடங்கும். அப்போது கடும் வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், அதீதச் சோர்வு என எது வந்தாலும் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

காய்ச்சலில் கஞ்சி, மோர், இளநீர் என்று குடித்துக்கொண்டே இருங்கள். முடிந்தபோது எழுந்து நடமாடுங்கள். ஃப்ளூ தடுப்பூசி பற்றி இப்போதே மருத்துவரிடம் கேளுங்கள். அவசரப் பிரிவுக்குப் போக நேர்ந்தால், சமீபத்தில் காய்ச்சல் வந்துபோனதையும் தேதியையும் முதலில் சொல்லி, ரத்தப் பரிசோதனைச் சீட்டையும் காட்டுங்கள்.