பாம்பு ஓடினால் ரோபோ ஆகாதா?

ராயகிரி டீக்கடையில் இந்த மாதம் மட்டும் நாலு பேர் சொல்லிவிட்டார்கள். "அண்ணாச்சி, பயலுக்கு ரோபோ கிட் வாங்கிக் கொடுத்தேன். அவன் அதுல பாம்பு கேம் போட்டுக்கிட்டு இருக்கான். ரோபோன்னா வண்டி ஓடணும்லா?"

ஓட வேண்டாம். முப்பது வருஷம் ரேடியோ, டி.வி. பழுது பார்த்துவிட்டு, இப்போது பிள்ளைகளுக்கு ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகையில் நிரல் எழுதச் சொல்லிக்கொடுக்கிறவன் சொல்கிறேன்.

கறுப்புக் கோட்டைப் பிடித்து ஓடும் வண்டி இல்லாத அறிவியல் கண்காட்சி உண்டா? இரண்டு அகச்சிவப்பு சென்சார், நாலு நிபந்தனை, யூடியூபில் இறக்கிய நிரல். நடுவராகப் போன இடத்தில் ஒரு பையனிடம், "இடது சென்சார் கறுப்பைப் பார்த்தா வண்டி ஏன் இடப்பக்கம் திரும்புது?" என்று கேட்டேன். சார் முகத்தைப் பார்த்தான். வண்டி வலப்பக்கம் விலகிவிட்டது, அதனால் திரும்புகிறது; அவ்வளவுதான் பதில். முதல் பரிசு அவனுக்கே.

பாம்பு எழுதுகிறவன் இப்படித் தப்பிக்க முடியாது. எட்டுக்கு எட்டு எல்.இ.டி. பலகை, இடம் திரும்ப ஒரு பட்டன், வலம் திரும்ப ஒன்று. இடது பட்டனை ஒரு தடவைதான் அழுத்துகிறான். பாம்பு சடாரென்று தன் கழுத்தையே கடித்துச் சாகிறது. நிரலில் குற்றமில்லை. பட்டனுக்குள் இருக்கும் தகடு ஒரே அழுத்தில் சில மில்லிவிநாடி துள்ளுகிறது. சில்லு அதை இரண்டு அழுத்தாக எண்ணி, இரண்டு முறை இடம் திருப்பிவிடுகிறது. முதல் தொடுகைக்குப் பின் ஒரு 50 மில்லிவிநாடி காதைப் பொத்திக்கொள் என்று நிரலில் எழுதியதும் சரியாகிறது. லிஃப்ட் பட்டனிலும் இதே கதைதான். வண்டி இதைச் சொல்லிக்கொடுக்குமா?

இன்னொருவன் தோற்கவே மாட்டான். பார்த்தால், இரை வரும் இடமெல்லாம் அவனுக்கு மனப்பாடம்! இரைக்கு இடம் பொறுக்கும் ஆர்டுயினோவின் 'ரேண்டம்', தொடக்க எண்ணாக ஒரு விதை கொடுக்காவிட்டால், ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் அதே வரிசையில்தான் எண்களைத் தரும். எதனுடனும் இணைக்காத அனலாக் காலில் வரும் இரைச்சலை விதையாகக் கொடுத்தபின் பயல் சாதாரண மனிதனாகிவிட்டான்.

"கேமுக்கு மெமரி பத்தாது" என்பது அடுத்த புரளி. ஆர்டுயினோ ஊனோவில் ரேம் 2,048 பைட். 1977இல் வந்த அடாரி 2600 வீடியோ கேம் பெட்டியில் இருந்தது 128தான். 64 கட்டம் நிறைந்த பாம்புக்கும் கட்டத்துக்கு ஒன்றாக 64 பைட் போதும்.

இங்கிலீஷ் வராதவனுக்கு கோடிங் வராதாம். ஆரம்பத்துக்கு ஐம்பது சொல்கூடத் தேவையில்லை, போங்கள்.

பள்ளியில் அடல் டிங்கரிங் லேப் அமைக்க மத்திய அரசு தருவதுபோல 20 லட்சம் ரூபாய் இருந்தால்தான் முடியுமாம். ஊனோ நகல் பலகை சில நூறு ரூபாய்.

புளியங்குடி எலுமிச்சையைக் கோத்தே இந்தப் பலகையை ஓட்டலாம் என்கிறார் ஒருவர். ஊனோவுக்கு ஏறக்குறைய 50 மில்லிஆம்பியர் வேண்டும்; ஒரு பழம் ஒரு மில்லிஆம்பியர் கொடுக்கவே திணறும். ஊறுகாய் போடுங்கள்.

என் மனக்குறை வேறு. ஏன் எல்லாப் பயலும் பாம்பையே கட்டிக்கொண்டு அழுகிறான்? பல்லாங்குழி இருக்கிறதே. குழி 14, ஆளுக்கு 7. குழிக்கு 5 முத்து போட்டால் மொத்தம் 70. கடைசிக் குழி தாண்டினால் மறுபடி முதல் குழி. 14ஆல் வகுத்த மீதியை எடுத்தால் அந்தச் சுற்று தானாக வந்துவிடும். குழியில் 4 சேர்ந்தால் 'பசு', குழிக்காரருக்குச் சொந்தம். அது ஒரு நிபந்தனை வரி.

போன வாரம் இதை நிரலாக எழுத இரண்டு பயல்களை உட்காரவைத்தேன். பசுவை எடுத்தபின் ஆட்டம் தொடருமா, கை மாறுமா என்று சந்தேகம். என் ஆச்சி ஒன்று சொன்னார், எதிர்வீட்டு ஆச்சி, "யாரு சொன்னா?" என்று சண்டைக்கே வந்துவிட்டார். பயல்கள் இப்போது பலகை ஓரத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள். மேலே தள்ளினால் எங்கள் ஆச்சி, கீழே தள்ளினால் எதிர்வீட்டு ஆச்சி.