ஸ்லீப்பர் என்ன ஓசிப் படுக்கையா?

நம்பிக்கை: "ஸ்லீப்பரில் போகிறவன் ஊரான் வரிப்பணத்தில் தூங்குகிறான்."

போன மாதம் நெல்லை எக்ஸ்பிரஸில் எதிர் பெர்த்காரர் செல்போனை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "பாருங்க சார், டிக்கெட்ல பாதி நம்ம வரி!" சைடு லோயரில் துண்டை விரித்துப் பேரனைக் கிடத்திக்கொண்டிருந்த அம்மா கூசிப்போனார். சொன்னவரும் ஸ்லீப்பர் டிக்கெட்தான். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

உண்மை: பயணச் செலவில் 46 சதவீதம் மானியம் என்று ரயில்வே அமைச்சர் 2024-ல் சொன்னது நிஜம். முன்பு டிக்கெட்டிலேயே 43 என்று அச்சடித்தார்கள். ஆனால் அது எல்லாப் பயணிகளுக்கும் சேர்த்த சராசரி ஐயா! புறநகர் மின்சார ரயில், பாசஞ்சர், ஏசி எல்லாம் அதற்குள் அடக்கம். உங்கள் எஸ்-4 பெட்டியின் கணக்கு அல்ல அது.

சரி, பணம் யாருடையது? முப்பது வருஷம் சரக்குக் கணக்கு எழுதியவன் சொல்கிறேன். பட்ஜெட் பணம் பெரும்பாலும் புதுப் பாதைக்கும் பெட்டிக்கும் போகிறது. பயணிகள் பிரிவின் நஷ்டத்தை அடைப்பது சரக்கு லாபம், சி.ஏ.ஜி. தணிக்கை அறிக்கைகள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டன. அந்தச் சரக்கில், எடைக்கணக்கில் ஏறத்தாழப் பாதி நிலக்கரி. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு 58 வேகன் ரேக் போனால், அதன் வாடகை கரண்ட் விலையில் ஏறும். கரண்ட் விலை மாவு மில் கூலியில் ஏறும். ஆக, அந்த அம்மா மில்லில் மிளகாய் அரைத்தபோதே தன் படுக்கைக்கு ஒரு பங்கு கட்டிவிட்டார். இதில் யார் யாருக்குப் பிச்சை போடுகிறார்கள்?

நம்பிக்கை: ஏசிக்காரர்கள் முழுச் செலவையும் கொடுக்கிறார்கள்.
உண்மை: 2016-17 கணக்கில் ஏசி மூன்றடுக்கு லாபம். அதைவிட உசத்தியான ஏசி முதல் வகுப்பும் இரண்டடுக்கும் நஷ்டம்!

நம்பிக்கை: மூத்த குடிமக்கள் சலுகை திரும்ப வந்துவிட்டது.
உண்மை: 2020 மார்ச் 20-ல் நிறுத்தியது. இதை எழுதும்வரை வரவில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் மாதாமாதம் வருகிறது.

நம்பிக்கை: ஸ்லீப்பருக்கும் ஜி.எஸ்.டி. உண்டு.
உண்மை: கிடையாது. ஏசிக்கும் முதல் வகுப்புக்கும்தான் 5 சதவீதம்.

இந்த 'ஓசி' பேச்சு சும்மா போவதில்லை. "நஷ்டம்தானே" என்று சொல்லித்தான் ஸ்லீப்பர் பெட்டிகளைக் கழற்றி ஏசி பெட்டிகளை மாட்டுவதற்கு நியாயம் கற்பிக்கிறார்கள். டிக்கெட்டில் எதையாவது அச்சடித்தே ஆகவேண்டும் என்றால், வகுப்புவாரியாகக் கணக்கை அச்சடிக்கட்டும். அதுவரை அந்த அம்மா யாருக்கும் கூச வேண்டாம். காலை நீட்டிப் படுக்கட்டும்.