சரிவுப் பாதை யார் தயவு?

கேள்வி: ஆய்க்குடி அமர் சேவா சங்கம் செய்வது தொண்டுதானே? அதை மனித உரிமைப் பணி என்பது மிகையில்லையா?
– செங்கோட்டை வாசகர்

பதில்: மிகையில்லை. 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது கீழே விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்த எஸ்.ராமகிருஷ்ணன் 1981-இல் தொடங்கிய அமைப்பு அது. சிகிச்சை, பள்ளி, தொழிற்பயிற்சி எல்லாம் ஊரறிந்தவை. மாற்றுத்திறனாளிகளைச் சுயஉதவிக் குழுக்களாகத் திரட்டியதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஒற்றை ஆளாக மனு கொடுப்பவரை 'நாளைக்கு வாங்க' என்று அனுப்பிவிடலாம். பத்து சக்கர நாற்காலிகள் வாசலில் வந்து நின்றால் முடியுமா? அவர்கள் கேட்பது தயவை அல்ல, உரிமையை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு வேலையில் 4 சதவீதம் அவர்களுக்கு. பொதுக் கட்டடங்களுக்குள் அவர்கள் தடையின்றிப் போய்வர வழி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடம் புகார் செய்யலாம். உங்கள் தாலுகா அலுவலகத்தில் சரிவுப் பாதை இருக்கிறதா, இருந்தால் அதை அடைத்துக்கொண்டு யாருடைய பைக் நிற்கிறது என்று பார்த்து எழுதுங்களேன்.