எலிவேஷன் மட்டும் போதாது: கெய்ரோவின் கலர் ஜன்னல்கள்

முதல் வருஷ இன்ஜினியரிங் டிராயிங் கிளாஸ்ல நாம எல்லாருமே ஒரு தடவையாவது வாங்கின திட்டு, "செக்‌ஷன் எங்கப்பா?" முன்பக்கத்தை அழகா வரைஞ்சுட்டு, குறுக்கே வெட்டினா உள்ளே எப்படி இருக்கும்னு காட்டாம விட்டுடுவோம். அந்தத் திட்டோட அர்த்தம் எனக்குப் புரிஞ்சது கடைசி வருஷத்தில்தான். புரிய வைத்தது, கெய்ரோ ஜன்னல்களை ஐரோப்பியர்கள் வரைந்த படங்கள்.

கெய்ரோவின் பழைய வீடுகளிலும் மசூதிகளிலும் சுவரின் மேல்பகுதியில் கலர் கண்ணாடி பதித்த ஜன்னல்கள் இருக்கும். அரபியில் கமரிய்யா, ஷம்சிய்யா என்று பெயர். கமர் என்றால் நிலா, ஷம்ஸ் என்றால் சூரியன். நம்ம செட்ல ஒரு கமருதீனோ சம்சுதீனோ இருந்தா கேட்டுப் பாருங்க, அதே சொல்தான்.

ஐரோப்பிய சர்ச் ஜன்னல்களில் கண்ணாடித் துண்டுகளை ஈயப் பட்டையால் இணைப்பார்கள். இங்கே ஈயம் கிடையாது. மரச்சட்டத்துக்குள் ஜிப்சம் சாந்தை ஊற்றி, அது முழுசா இறுகுவதற்குள் கத்தியால் ஓட்டை ஓட்டையாகச் செதுக்கி டிசைன் கொண்டு வருவார்கள். பிறகு வெளிப்பக்கத்தில் சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை வைத்துச் சாந்தாலேயே ஒட்டுவார்கள்.

முக்கியமான விஷயம், ஓட்டையை நேராகக் குடையாமல் சாய்வாகக் குடைவது. ஏன்? ஒரு சின்னக் கணக்கு. ஜன்னல் 5 மீட்டர் உயரத்தில் இருக்கு, உங்க கண் 1.5 மீட்டரில், சுவரிலிருந்து 3.5 மீட்டர் தள்ளி நிக்கிறீங்க. பார்வை 45 டிகிரியில் மேலே போகும். சாந்துப் பலகையின் தடிமன் 3 செ.மீ., ஓட்டையின் உயரம் 2 செ.மீ. என்று வச்சுக்குவோம். ஓட்டை நேரா இருந்தா உங்க பார்வை அந்த 3 செ.மீ. தடிமனைத் தாண்டுவதற்குள் 3 செ.மீ. மேலே ஏறியாகணும். ஆனா இருக்கிறது 2 செ.மீ.தான். அதனால் பார்வை சாந்தில் முட்டி நின்னுடும், கண்ணாடி கண்ணுக்கே தெரியாது! உள்பக்கம் கீழ்நோக்கிச் சரிவா குடைஞ்சா முழுக் கண்ணாடியும் தெரியும். போதாததுக்கு, அந்த வெள்ளைச் சரிவிலேயே கலர் பட்டுச் சிதறும். கண் கூசுற வெயிலை உள்ளே வரும்போதே பதமாக்குற ஏற்பாடு இது. இதைச் செய்தவர்களுக்கு ஆப்டிக்ஸ் சிலபஸ் இருந்ததில்லை. கை சொல்லிக்கொடுத்த ஆங்கிள்.

சரி, வரைந்தவர்கள் யார்? எட்வர்ட் லேன் 1836-ல் வெளியான எகிப்து பற்றிய புத்தகத்தில் இந்த ஜன்னல்களையும், அவற்றில் வரும் பூங்கொத்து, மயில் உருவங்களையும் குறிப்பிடுகிறார். பாஸ்கல் கோஸ்ட் என்ற பிரெஞ்சு ஆர்க்கிடெக்ட் கெய்ரோ கட்டடங்களை அளந்து வரைந்து 1837 முதல் வெளியிட்டார். எனக்குப் பிடிச்ச ஆள் பிரிஸ் தவென். அவர் நம்ம இனம், இன்ஜினியர். எகிப்து அரசாங்கத்தில் வேலை பார்த்தவர், இத்ரிஸ் எஃபெண்டி என்று பெயரே மாத்திக்கிட்டவர். 1858-ல் மறுபடி போனபோது ஒரு போட்டோகிராபரையும் ஒரு டச்சு ஓவியரையும் கூட்டிக்கிட்டுப் போனார். 1869-க்கும் 1877-க்கும் நடுவில் வந்த அவருடைய கெய்ரோ கலை புத்தகத்தில் 200 பெரிய படங்கள், பல முழு வண்ணத்தில். ஜன்னல் படங்களைப் பாருங்க, டிசைன் அப்படியே தெரியும். ஆனா ஜன்னல் நேர் எதிரே, கண் மட்டத்தில், தட்டையா நிக்கும். அந்தச் சரிவு எங்கே? அந்தப் படத்தை மட்டும் வச்சு ஒருத்தர் திரும்பச் செய்தால், டிசைன் சரியா வரும், வெளிச்சம் வராது. அச்சு மைக்கும் ஒரு எல்லை இருக்கு. கண்ணாடியில் கலர் வெளிச்சத்தைக் கடத்தும். தாளில் திருப்பி அனுப்பத்தான் முடியும்.

ஜான் பிரெடெரிக் லூயிஸ் கதை நேர் எதிர். 1841-லிருந்து பத்து வருஷம் கெய்ரோவில் இருந்துட்டு, இங்கிலாந்து திரும்பி ஸ்கெட்சுகளை வச்சே ஓவியம் தீட்டினார். ஜன்னல் வழியா வந்து தரையிலும் துணியிலும் விழுற வெளிச்சம்தான் அவருக்கு முக்கியம். அளவெடுத்துச் செய்ய அதில் ஒண்ணும் கிடைக்காது. ஆனா அறைக்குள்ளே உட்கார்ந்த மாதிரி இருக்கும்.

இதெல்லாம் எதுக்குத் தேடினேன்னா, பாலவனத்தத்தில் எங்க அப்பத்தா வீட்டு வாசக்கதவுக்கு மேலே அரைவட்டமா சிவப்பும் பச்சையுமா கண்ணாடி இருக்கு. காரைக்குடிப் பக்கம் வீடுகளில் பார்ப்போமே, அதில் சின்ன சைஸ். சாயங்காலம் திண்ணை வெயில் அது வழியா இறங்கி நெல்லுப் பானை வரைக்கும் சிவப்பா வரும். தைக்கு அப்புறம் வீட்டை இடிக்கப் போறாங்க. புது வீட்டில் அதே மாதிரி வச்சுத் தரேன்னு அப்பத்தாகிட்ட வாக்கு கொடுத்துட்டேன். போன்ல 14 போட்டோ இருக்கு. எல்லாமே நேர் எதிரே நின்னு எடுத்தது. கண்ணாடி எவ்வளவு தடிமன், சட்டத்தில் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கு, மேலே சன்ஷேடு எவ்வளவு நீளுது, ஒண்ணுமே அதில் இல்லை.

அடுத்த சனிக்கிழமை ஊருக்குப் போறேன், டேப்பும் வெர்னியரும் எடுத்துக்கிட்டு. சாயங்காலம் அஞ்சு மணிக்குத் தரையில் சிவப்பு விழுற இடத்தைச் சாக்பீஸ்ல குறிக்கணும்.