நிற்கிற வண்டிக்கும் பொறுப்பு உண்டு

அன்புள்ள மருமகனுக்கு,

பழைய ஆம்னி வேன் வாங்கியிருக்கிறாய் என்று உன் அம்மா சொன்னாள். சுருளிப்பட்டியில் திராட்சைப் பெட்டி ஏற்றிக்கொண்டு குமுளிக்குப் போய்வர நல்ல வண்டிதான். ஆனால் அவள் அனுப்பிய படத்தில் பின்கதவுக்கு ஒரு கம்பு முட்டுக் கொடுத்திருக்கிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

1984இல் மாருதி வேனாக வந்து, 1988இல் ஆம்னி ஆன வண்டி அது. 2019இல் உற்பத்தி நின்றுவிட்டது. இன்று கைமாறுகிற எந்த ஆம்னியும் புதிதல்ல. இன்ஜின், பிரேக், டயர் எல்லாம் பார்த்து வாங்குகிறவர்கள்கூட பின்கதவைத் தூக்கி நிறுத்தும் குழாயான டிக்கி ஷாக்கைப் பார்ப்பதில்லை.

அந்தக் குழாய்க்குள் இருப்பது அழுத்தி அடைத்த நைட்ரஜன், கொஞ்சம் எண்ணெய், ஒரு பிஸ்டன். வாயு பிஸ்டன் தண்டை வெளியே தள்ளுவதால் கதவு மேலே நிற்கிறது. தண்டு வெளிவரும் இடத்திலுள்ள சீல் தேய்ந்தால் வாயு மெல்லக் கசியும். தோட்டத்துத் தூசி ஒட்டித் தண்டில் கீறல் விழுந்தால் இன்னும் சீக்கிரம் போகும். தண்டில் எண்ணெய்ப் பிசுக்குத் தெரிந்தால் அதன் காலம் முடிகிறது என்று வைத்துக்கொள்.

குளிருக்கும் இதில் பங்குண்டு. 35 டிகிரியில் இருந்த வாயு 15 டிகிரிக்குக் குளிர்ந்தால் அழுத்தம் ஆறு சதவீதத்துக்கு மேல் குறையும். சுருளிப்பட்டியில் மத்தியான வெயிலில் நின்ற கதவு, மலைமேல் குமுளியில் விடியற்காலையில் தலையில் இறங்குவது அதனால்தான். தளர்ந்த ஷாக்கைச் சோதிக்க விடியற்காலைதான் சரியான நேரம்.

கம்பு பந்தலுக்குச் சரி, கதவுக்கு ஆகாது. பெட்டி இறக்குகிறவரின் தோள் பட்டாலே நழுவிவிடும். அப்போது கீழே குனிந்திருப்பவர் பெரும்பாலும் நீயாக இருக்கமாட்டாய். கூலிக்கு வந்தவராக இருப்பார். ஓட்டும்போது மட்டும்தான் நமக்குப் பொறுப்பு என்று நினைத்துவிடாதே.

இரண்டு ஷாக்கையும் சேர்த்தே மாற்று. ஒன்று புதிது, ஒன்று பழையது என்றால் கதவு கோணும். ஆம்னிக்கென்று உள்ளதையே கேட்டு வாங்கு. விசை கூடுதலானதை மாட்டினால் கீல் தாங்காது. கழற்றும்போது ஒருவர் கதவைப் பிடித்துக்கொள்ளட்டும். கதவு மூடியிருக்கையில் தண்டு கீழ்ப்பக்கம் வருமாறு மாட்டச் சொல். எண்ணெய் சீலை நனைத்துக் காக்கும். கழற்றியதை வெட்டவோ துளையிடவோ நெருப்பில் போடவோ கூடாது. உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும்.

புதிது மாட்டும்வரை பின்கதவைத் திறக்காதே. பக்கத்துத் தள்ளுகதவு வழியாகவே ஏற்று, இறக்கு. நேரம் கொஞ்சம் கூடும், கூடட்டும்.

அன்புடன்,
மாமா