எஸ்எஸ்டி மந்தமா? வேகம் குறையும் விதத்தைக் கவனியுங்கள்

எஸ்எஸ்டி மந்தமானதும் புதிது வாங்கக் கிளம்ப வேண்டாம். பெரிய ஃபைல் ஒன்றை அதில் காப்பி செய்து பாருங்கள் (ஹார்டுடிஸ்க்கிலிருந்து வேண்டாம், அதன் வேகம்தான் தெரியும்). சாட்டா டிரைவ் ஆரம்பத்திலிருந்தே நொடிக்கு 280 எம்பியைத் தாண்டாமல் நின்றால், பெரும்பாலும் அது சாட்டா 2 போர்ட்டில் இருக்கிறது; அந்தப் போர்ட்டின் எல்லையே அவ்வளவுதான். மதர்போர்டில் சாட்டா 3 போர்ட் இருந்தால் கேபிளை அதற்கு மாற்றுங்கள். முதலில் பாய்ந்து, சில ஜிபி கழித்துச் சரிந்தால், பெரும்பாலும் வேகமாக எழுதுவதற்கான கேஷ் நிரம்பிவிட்டது என்று பொருள். பல டிரைவ்களில் காலியிடம் குறையக் குறைய இந்தக் கேஷும் சுருங்கும். இன்னும் 20 ஜிபி இருக்கிறதே என்று கேட்கலாம்; 500 ஜிபி டிரைவில் அது வெறும் 4 சதவீதம். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். ஃபைல்களை அழித்து இடத்தைக் காலியாக்கிய பின் விண்டோஸின் ‘ஆப்டிமைஸ் டிரைவ்ஸ்’ஸை ஒருமுறை ஓட்டுங்கள், அழித்த இடங்கள் எவை என்பது அப்போதுதான் டிரைவுக்கு முழுதாகத் தெரியவரும்.