பதினோராம் பொருள்

நுழையும்முன்

கண்டதைக் கண்டவாறே வடிப்பது ஒரு திறன். காணாததைக் கண்டதுபோல் வடிப்பது அதனினும் அரிய திறன். தமிழகச் சிற்பிகள் அத்திறனால் யாளியையும் சரபத்தையும் படைத்தனர். கல்லிலும் மண்ணிலும் நிகழ்ந்த அப்படைப்பு, இன்று பாலிமர் களிமண் என்னும் புதுப்பொருளிலும் தொடர்கிறது. அப்பொருளின் இயல்பையும் அது வேண்டும் உழைப்பையும் அது சுமத்தும் கடமையையும் இப்பாடம் விளக்குகிறது.

மாடம்பாக்கத்துத் தூண்

கிழக்குத் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கத்தில் தேனுபுரீசுவரர் கோயில் அமைந்துள்ளது. சோழர் காலத்தைச் சேர்ந்த இக்கோயிலின் விமானம், யானையின் பின்புறம்போல் வளைந்த தூங்கானை மாட வடிவினது. கோயில் மண்டபத்தின் தூண் ஒன்றில் சரபத்தின் உருவம் செதுக்கப்பட்டுள்ளது. மனிதன், சிங்கம், பறவை ஆகிய மூன்றன் கூறுகளும் ஓருடலில் இணைந்த கற்பனை வடிவம் சரபம். அத்தகைய உயிரை எவரும் கண்டதில்லை. ஆயினும் அவ்வடிவத்தைக் காண்போர் அதனைப் பொய் என்று ஒதுக்குவதில்லை.

யாளியும் அத்தகையதே. யானையைத் தாக்கும் ஆற்றல் வாய்ந்த ‘ஆளி’ என்னும் விலங்கைச் சங்க இலக்கியம் பேசுகிறது. பிற்காலக் கோயில் தூண்களில் அது சிங்க முகத்துடன் சிம்ம யாளியாகவும், துதிக்கையுடன் யானை யாளியாகவும், மகர முகத்துடன் மகர யாளியாகவும் வடிவெடுத்தது. மாமல்லபுரத்திற்கு வடக்கே உள்ள சாளுவன்குப்பத்தில், பல்லவர் காலக் குடைவரை ஒன்றின் முகப்பைச் சுற்றி யாளித் தலைகள் வரிசையாகச் செதுக்கப்பட்டுள்ளன.

இவ்வுருவங்களைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். யாளியின் பிடரி சிங்கத்தினுடையது, துதிக்கை யானையினுடையது, திமிறும் தோள்தசை காளையிடமோ குதிரையிடமோ கண்டது. உறுப்புகளில் எதுவும் கற்பனை அன்று. அவற்றை இணைத்த முறையே கற்பனை. இல்லாத விலங்கை வடிக்க விரும்புபவர், இருக்கும் விலங்குகளை மற்றவரினும் நன்றாக அறிந்திருக்க வேண்டும். கற்பனைச் சிற்பத்தின் முதல் விதி இதுவே.

பத்துப் பொருள்கள்

சிற்பம் செய்வதற்கு உரிய பொருள்களாகத் திவாகர நிகண்டு பத்தினைக் கூறுகிறது. கல், உலோகம், செங்கல், மரம், மண், சுதை, தந்தம், வண்ணம், கண்டசருக்கரை, மெழுகு என்பன அவை. மண்ணால் உருவம் சமைப்போரைச் சிலப்பதிகாரம் ‘மண்ணீட்டாளர்’ என்று அழைக்கிறது. புகார் நகரின் தொழிலாளருள் அவர்களும் ஒரு சாரார் ஆவர்.

சென்னையின் தென்புறத்தில் மண்வினையின் தொன்மைக்குச் சான்று உண்டு. 1863ஆம் ஆண்டு இராபர்ட் புரூஸ் ஃபூட் பழைய கற்கால மனிதனின் கற்கருவியைக் கண்டெடுத்த பல்லாவரத்தில், பெருங்கற்காலத்தைச் சேர்ந்த சுடுமண் ஈமப்பேழைகளும் கிடைத்துள்ளன. நீண்ட தொட்டி போன்ற உடலும், அதனைத் தாங்கும் குட்டையான கால்களும் கொண்டவை அப்பேழைகள். அவ்வளவு பெரிய மண்வடிவத்தைச் சிதையாமல் சுட்டெடுக்கும் நுட்பத்தை அக்கால மக்கள் அறிந்திருந்தனர்.

அந்நுட்பத்தின் அடிப்படை எளியது. ஈரமான களிமண்ணில் நீர் உள்ளது. தடித்த பகுதியில் தங்கிய நீர், சூளையில் ஆவியாகி வெளியேற வழியின்றி உருவத்தை வெடிக்கச் செய்யும். ஆதலால் மண்ணீட்டாளர் பெரிய உருவங்களின் உட்புறத்தைக் குடைவாக விடுவர். மணலும் உமியும் கலந்து மண்ணைப் பதப்படுத்துவர். பல நாள் நிழலில் உலர்த்திய பின்னரே சுடுவர். அய்யனார் கோயில்களில் நிற்கும் சுடுமண் குதிரைகள் இவ்வாறு உருவானவை. முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் அத்தகைய உருவங்களை இன்றும் காணலாம்.

புதிய மண்

பத்துப் பொருள்களின் வரிசையில் பதினோராவதாக வந்து நிற்பது பாலிமர் களிமண். பெயரில் மண் இருப்பினும் இதில் மண் இல்லை. பாலிவினைல் குளோரைடு என்னும் நெகிழியின் நுண்துகள்களும், அவற்றை மென்மையாக வைத்திருக்கும் நெகிழ்வூட்டியும், நிறமிகளும் சேர்ந்த கலவை இது. ஜெர்மானியப் பொம்மைக் கலைஞர் கேத்தே குரூசேயின் மகள் இத்தகைய பொருளைச் செம்மைப்படுத்தினார். 1960களில் அது ‘ஃபிமோ’ என்னும் பெயரில் உலகெங்கும் பரவத் தொடங்கியது.

இதில் நீர் இல்லாமையால் காற்றில் உலர்வதில்லை. சுருங்குவதும் மிகக் குறைவு. சுடுமண்ணுக்குப் பல நூறு பாகை வெப்பம் வேண்டும். இதற்கோ ஏறத்தாழ 110 முதல் 130 பாகை செல்சியசு போதும். அவ்வெப்பத்தில் நெகிழித் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து இறுகுகின்றன. வீட்டிலுள்ள சிறிய மின்னடுப்பிலேயே சுடத்தக்க பொருள் என்பதால், சூளை இல்லாத நகர வீடுகளிலும் சிற்பம் செய்ய இது வழிவகுத்தது.

யாளிமுக வீரன்

யாளி முகமும் மனித உடலும் கொண்ட ஒரு காவல் வீரனைப் பாலிமர் களிமண்ணில் வடிப்பதாகக் கொள்வோம். முதற்பணி அளவைத் தீர்மானித்தல். சிற்ப நூல்கள் முகத்தின் நீளத்தைத் ‘தாலம்’ என்னும் அலகாகக் கொள்கின்றன. முகத்தைப் போல் ஒன்பது மடங்கு உயரமுடைய உருவம் நவதாலம் எனப்படும். வீரனின் உயரம் 18 செ.மீ. என்றால் முகத்தின் நீளம் 2 செ.மீ. ஆகும். இவ்வளவில் முன்புறத் தோற்றத்தையும் பக்கவாட்டுத் தோற்றத்தையும் தாளில் வரைந்துகொள்ள வேண்டும்.

அடுத்தது எலும்புக்கூடு. அலுமினியக் கம்பியை வளைத்து முதுகெலும்பு, கை, கால் ஆகியவற்றை அமைக்க வேண்டும். கால்களின் கம்பி பாதத்தோடு முடியாமல், கீழே உள்ள மரக்கட்டையின் துளைக்குள் இறங்க வேண்டும். முதன்முதலில் செய்வோரின் உருவங்கள் பெரும்பாலும் கணுக்காலில் முறிகின்றன. உடலின் முழு எடையும் மிக மெல்லிய அவ்விடத்தில் இறங்குவதே அதற்குக் காரணம்.

மார்பும் வயிறும் அமையும் இடத்தில் அலுமினியத் தாளைக் கசக்கி இறுகச் சுற்ற வேண்டும். இதனால் களிமண் மிச்சமாகும், எடை குறையும், களிமண்ணின் தடிமனும் எங்கும் ஒரே சீராக இருக்கும். மண்ணீட்டாளர் உள்ளே வெற்றிடம் விட்டதற்கும், இங்கே உள்ளே தாளைத் திணிப்பதற்கும் நோக்கம் ஏறத்தாழ ஒன்றே. தடித்த பகுதி சீராகச் சூடேறாமல் விரிசல் விடும் என்பதை இருவரும் அறிவர்.

அதன்பின் களிமண்ணை நன்கு பிசைந்து, காற்றுக் குமிழிகளை நீக்கி, சிறுசிறு பட்டைகளாகக் கம்பியின் மேல் பொருத்த வேண்டும். முதலில் பெரிய தசைகள், பின்னர் முகம், இறுதியில் பிடரிமயிரும் நகைகளும் என்பதே வரிசை. கண்ணிமையைச் செதுக்கும் ஆர்வத்தில் தோளின் சரிவை மறப்பவரின் உருவம், அணிகலன் பூட்டிய மரக்கட்டையாகவே நிற்கும். ஊசி, மூங்கில் குச்சி, பழைய பல்துலக்கி ஆகியவையே போதுமான கருவிகள். சென்னையின் கோடை வெப்பத்தில் களிமண் அளவுகடந்து குழைந்தால், சிறிது நேரம் குளிரூட்டி எடுத்துத் தொடரலாம்.

சுடும்போது வெப்பமானியைக் கொண்டு வெப்பத்தை அளந்தறிய வேண்டும். உறையில் அச்சிட்ட அளவை மீறினால் களிமண் கருகி நச்சுப்புகை வெளிப்படும். காற்றோட்டமுள்ள இடமும் உணவு சமைக்கப் பயன்படுத்தாத தனி அடுப்பும் இன்றியமையாதவை. சுட்ட உருவத்தை உடனே வெளியே எடுக்காமல் அடுப்பிலேயே மெல்ல ஆறவிட வேண்டும். ஆறிய பின் அக்ரிலிக் வண்ணம் தீட்டலாம்.

சேர்த்தலும் நீக்கலும்

கற்சிற்பி வேண்டாததை நீக்கி உருவத்தைக் காண்கிறார். மண்சிற்பி வேண்டியதைச் சேர்த்து உருவத்தைக் காண்கிறார். கல்லில் உளி தவறினால் மீட்பில்லை. மண்ணிலோ தவறிய மூக்கை எடுத்துவிட்டு வேறொரு மூக்கை வைக்கலாம். எனவேதான் உலோகச் சிற்பங்களும் முதலில் மண்ணிலோ மெழுகிலோ உருப்பெறுகின்றன. சென்னைக் கலைப்பள்ளியின் முதல்வராக விளங்கிய தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்த உழைப்பாளர் சிலை, 1959 முதல் மெரினாவில் நிற்கிறது. நால்வர் ஒரு பாறையை நெம்பும் அவ்வெண்கல உருவத்தில், ஒவ்வொரு தசையும் பாறையின் எடையைச் சொல்கிறது. பொருள் எதுவாயினும் உடலின் உழைப்பை உற்றுநோக்கிய கண்ணே சிற்பத்திற்கு உயிர் தருகிறது.

பொருளின் கடன்

பிழைகளைப் பொறுத்துக்கொள்வதில் இரண்டு மண்ணும் ஒத்திருப்பினும், பிழைக்குப் பின் இரண்டும் வேறுபடுகின்றன. சுடாத களிமண் உருவத்தை நீரிலிட்டால் அது மீண்டும் மண்ணாகும். மறுநாள் வேறோர் உருவமாகும். சுட்ட பாலிமர் களிமண்ணோ நெகிழியாகவே நெடுங்காலம் எஞ்சும். உருவத்தை உப்புத்தாளால் தேய்க்கும்போது உதிரும் நுண்துகளும் நெகிழியே.

மாடம்பாக்கம், சேலையூர், செம்பாக்கம் ஏரிகளின் மிகைநீர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை நோக்கிச் செல்கிறது. 2022ஆம் ஆண்டு ராம்சார் பட்டியலில் இடம்பெற்ற அச்சதுப்புநிலம், எண்ணற்ற பறவைகளின் வாழிடம். வடிகாலில் கழுவிவிடப்படும் துகள் அங்குச் சென்று சேரக்கூடும். சிறகுள்ள ஒரு கற்பனை உயிரைப் படைக்கும் கை, சிறகுள்ள மெய்யான உயிர்களின் நீரை மாசுபடுத்துதல் முறையாகாது.

இதற்குத் தீர்வு புதுப்பொருளை வெறுப்பதன்று. அதற்குரிய இடத்தை அறிவதே. முயற்சியும் பிழையும் திருத்தமும் முதலில் சாதாரணக் களிமண்ணில் நிகழட்டும். பலமுறை அழித்துச் செய்து, தோற்றமும் நிலையும் தெளிந்த பின்னர், பாதுகாக்கத் தகுதியான ஒன்றை மட்டும் பாலிமர் களிமண்ணில் வடிக்கலாம். தேய்க்கும்போது ஈரத்துணியால் துகளைத் துடைத்தெடுத்து, உலர்ந்தபின் குப்பையில் சேர்க்கலாம். அழியாத பொருளில் ஓர் உருவத்தைச் செய்பவர், அவ்வுருவம் அழியாமல் இருக்கத் தகுதியுடையதுதானா என்று தம்மையே வினவிக்கொள்ள வேண்டும். மாடம்பாக்கத்துத் தூணில் சரபத்தைச் செதுக்கிய சிற்பிக்கும் அவ்வினா இருந்திருக்கும். கல்லும் எளிதில் அழிவதில்லை.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊர்க் கோயில் தூண்களில் காணப்படும் கற்பனை உயிரினம் ஒன்றை வரைந்து, அதன் ஒவ்வோர் உறுப்பும் எவ்விலங்கு அல்லது பறவையினுடையது எனக் குறிப்பிடுக.

2. களிமண்ணில் ஒரு யாளியின் தலையைச் செய்து, அழித்து, மீண்டும் செய்க. இரண்டாவது முறையில் நீங்கள் திருத்திக்கொண்டவற்றைப் பட்டியலிடுக.

3. ‘அழியாத பொருள் கலைக்கு வரமா, சுமையா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் கலந்துரையாடுக.